மகாபலிபுரம்: மூணு நாள், ஐந்நூறு படி, ஒரு போட்டோ

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால மொக்கை எதுவும் போடாம அமைதியா இருந்தேன். நாட்டுக்கு நல்லதுதானேன்னு நீங்க நினைக்கிறது புரியுது :-) ஆனா விதி யாரை விட்டுது? படிங்க.

ஜனவரி கடைசில மூணு நாள் மகாபலிபுரத்துல போய்த் தங்கிட்டு வந்தோம். நான், தங்கமணி, ஆறாவது படிக்கிற எங்க பொண்ணு, எழுபத்தாறு வயசு அப்பா. விஷயத்தைச் சொன்னதும் ஆபீஸ்ல எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "யோவ், வேளச்சேரில இருந்துக்கிட்டு மகாபலிபுரத்துல ரூம் போடுறியா? ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லையேய்யா!"

நியாயமான கேள்வி. பள்ளிக்கரணை, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி அக்கரைல ஈ.சி.ஆர். புடிச்சா ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம். நானே இருபது தடவைக்கு மேல போயிருப்பேன். எல்லாத் தடவையும் ஒரே மாதிரிதான். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டையைக் கையால தாங்கிப் புடிக்கிற மாதிரி ஒரு போட்டோ, மத்தியானம் மீன் வறுவல், மாங்கா பத்தை, திரும்பி வர்ற வழில டிராபிக். நம்மள்ல முக்கால்வாசிப் பேர் பார்த்த மகாபலிபுரம் இவ்வளவுதான்.

இந்தத் தடவை மாறினதுக்குக் காரணம் அப்பா. அவர் எங்கேயும் வர்ற ஆள் இல்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" - இதுதான் எப்பவும். லீவுல எங்க போகலாம்னு வீட்டுல பேசிக்கிட்டிருந்தப்போ பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "மகாபலிபுரம் போனா, அங்கேர்ந்து திருக்கழுக்குன்றம் பக்கம்தானேடா?"

நானும் தங்கமணியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பத்து வருஷத்துல அவர் வாயைத் திறந்து கேட்ட முதல் இடம். உடனே ரூம் போட்டாச்சு. ஏன் திருக்கழுக்குன்றம்னு நான் கேக்கலை. எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன்.

முதல் நாள்: மண்ணுக்குள்ள இருந்த முருகன்

கடலைப் பார்த்த ரூம். காலைல ஆறு மணிக்கே கடற்கரைக் கோயிலுக்குப் போயிட்டோம். அந்த நேரத்துல போய்ப் பாருங்க மக்களே, கூட்டமே இல்லாம சூரியன் கோபுரத்துக்குப் பின்னாடி எழும்புறது தனி அழகு. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ராஜசிம்ம பல்லவன் கட்டினது. குகையாக் குடைஞ்சது, ஒரே பாறையைச் செதுக்கின ரதம், கல்லை அடுக்கிக் கட்டின கோயில்னு மூணு வகையையும் ஒரே ஊர்ல நடந்தே பார்த்துடலாம். 1984-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது சும்மா இல்லை.

அப்பா கோயிலை ஒரு சுத்து சுத்திட்டுக் கேட்டார். "சுனாமில இது எப்படிடா தப்பிச்சுது?"

சுத்தி பெரிய பெரிய பாறாங்கல்லாக் கொட்டி வச்சிருக்கிறதைக் காட்டினேன். கடல் அரிப்பு தடுக்க முன்னாடியே போட்டு வச்சது, 2004 டிசம்பர் 26 அன்னிக்கும் காப்பாத்திடுச்சு. அன்னிக்கு அலை வர்றதுக்கு முன்னாடி கடல் ரொம்ப தூரம் உள்வாங்கினப்போ, தண்ணிக்கடியில வரிசையாப் பாறைகளைப் பார்த்ததா இங்க இருந்தவங்க சொன்னாங்க. ஏழு கோயில் இருந்துச்சு, ஆறைக் கடல் கொண்டு போயிடுச்சுன்னு இந்த ஊர்ல ரொம்ப காலமா ஒரு பேச்சு உண்டு. 2002-லயே தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரங்க ஒரு இங்கிலாந்துக் குழுவோட சேர்ந்து இந்தக் கடல்ல முங்கிப் பார்த்து, ஐந்துலேர்ந்து எட்டு மீட்டர் ஆழத்துல மனுஷன் வெட்டின கற்கள், சுவர் மாதிரி அமைப்புகள் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க.

சாயங்காலம் வடக்கே ஐந்து கிலோமீட்டர்ல இருக்கிற சாளுவன்குப்பம். சென்னைலேர்ந்து வரும்போது ஈ.சி.ஆர்.ல இடது பக்கம் பலகை இருக்கும். நாமதான் மகாபலிபுரம் போற அவசரத்துல பார்க்காமத் தாண்டிடுவோம். புலிக்குகைன்னு பேரு. ஆனா அங்க புலியும் இல்லை, சொல்லிக்கிற மாதிரி குகையும் இல்லை. ஒரு பாறைல மேடை மாதிரி குடைஞ்சு, சுத்தி யாளித் தலைங்க. பொண்ணு விரல் விட்டு எண்ணி "பதினொண்ணு தாத்தா"ன்னா. பக்கத்துலயே அதிரணசண்டக் குகைக் கோயில். ஒரே சமஸ்கிருதக் கல்வெட்டை ஒரு பக்கம் கிரந்தத்துலயும் இன்னொரு பக்கம் நாகரியிலயும் வெட்டியிருக்காங்க. அந்தக் காலத்து ரெண்டு மொழிப் பலகைன்னு நினைச்சா, இல்லை, மொழி ஒண்ணுதான், எழுத்துதான் ரெண்டு.

எங்களை அசத்தினது இது ரெண்டும் இல்லை. அங்கேர்ந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தா வர்ற முருகன் கோயில். சுனாமி மணலை அரிச்சுட்டுப் போனதுல ஒரு பாறைல இருந்த கல்வெட்டு வெளியில தெரிஞ்சிருக்கு. அதுல இங்க ஒரு சுப்பிரமணியர் கோயில் இருக்கிறதா எழுதியிருக்கு. ஆனா கோயிலைக் காணோம். தொல்லியல் துறை 2005-ல அங்க தோண்டினாங்க. உள்ள பல்லவர் காலத்துக் கருங்கல் கோயிலோட அடித்தளம். அதுக்கும் கீழே போனா செங்கல் கோயில். சங்க காலத்தைச் சேர்ந்ததுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. வாசல் வடக்கு பார்த்து இருக்கு. கல்லுல ஒரு வேல் நிக்குது. கோயில் விளக்கெரிக்கப் பொன் குடுத்தவங்க விவரம் கூட கல்வெட்டுல கிடைச்சிருக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கோயில் கடலால அழிஞ்சு, அதுமேலயே இன்னொண்ணு கட்டி, அதுவும் மணலுக்குள்ள போய், நூத்துக்கணக்கான வருஷம் அது மேலேயே நாம நடந்திருக்கோம்.

அப்பா வேலிக்குப் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் சொன்னார். "பாரேன், கடல் எடுத்துக்கிட்டதை இத்தனை வருஷம் கழிச்சாவது திருப்பிக் குடுத்திருக்கு. நம்ம வீட்டுக்குள்ள வந்த ஏரித்தண்ணி ஒண்ணையும் குடுக்கலியேடா."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரலை. அதே அலை பக்கத்துக் குப்பங்கள்ல எத்தனை பேர் வாழ்க்கையை வாரிக்கிட்டுப் போச்சு, அதுக்கு முன்னால எங்க வீட்டு நஷ்டம் ஒண்ணுமே இல்லை. தெரியும். ஆனாலும்...

சரி, இப்பவே சொல்லிடறேன்.

2015 டிசம்பர். வேளச்சேரிக்காரங்களுக்கு அந்த வருஷத்தைச் சொன்னாலே போதும், தேதி சொல்ல வேண்டாம். எங்க வீடு தரைத்தளம். ராத்திரியோட ராத்திரியா மார்பளவு தண்ணி. அப்பாவைப் புடிச்சுக்கிட்டு மேல் வீட்டுக்கு ஏறினதுதான் தெரியும். மூணு நாள் கழிச்சுப் படகுல வெளியில வந்தோம். (இன்னிக்கும் எங்க ஏரியால பலத்த மழைன்னு அறிவிப்பு வந்தா எல்லாரும் காரை மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்திடறோம். 2024 அக்டோபர்ல நாடே பார்த்துச் சிரிச்சுதே, அந்த மேம்பாலம்தான். சிரிங்க சிரிங்க, தண்ணி உங்க வீட்டுக்குள்ள வந்தாத் தெரியும்.)

பிரிட்ஜ் போச்சு, கட்டில் போச்சு, பைக் போச்சு. அதெல்லாம் திரும்ப வாங்கிட்டோம். பீரோவோட அடித்தட்டுல ஒரு ஆல்பம் இருந்துச்சு. அது கூழாப் போச்சு. அதுல ஒரே ஒரு போட்டோ. 1960-ல திருக்கழுக்குன்றத்துல ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது. எங்க ஆயா நாற்காலில உக்காந்திருப்பாங்க, பதினொரு வயசு அப்பா பக்கத்துல நிப்பார். ஆயா அதுக்கப்புறம் போட்டோவே எடுத்துக்கலை. அவங்க முகம் இருந்த ஒரே காகிதம் அதுதான்.

"அதை ஸ்கேன் பண்ணி வைடா"ன்னு அந்த வருஷம் மட்டும் அப்பா என்கிட்ட மூணு தடவை சொல்லியிருந்தார். ஆபீஸ்ல ஆணி அதிகம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். மேல் தட்டுல இருந்த ஆல்பத்தை என் ஆபீஸ் ஃபைலுக்கு இடம் வேணும்னு அடித்தட்டுக்கு மாத்தினதும் நான்தான்.

இந்தப் பத்து வருஷத்துல அவர் ஒரு வார்த்தை கூட என்னைக் குத்தம் சொன்னதில்லை. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ரெண்டாவது நாள்: ரெண்டு கோட்டை, ஒரு ஏரி

காலைல தெற்கே கிளம்பினோம். கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற சதுரங்கப்பட்டினம், வெள்ளைக்காரங்க வாய்ல சட்ராஸ். கடலோரமா ஒரு டச்சுக் கோட்டை. செங்கல் சுவர், கிடங்குகள், உள்ளே கல்லறைகள். கல்லறைக் கல்லுல இருக்கிற வேலைப்பாட்டைப் பார்த்துட்டு தங்கமணி, "ஏங்க, நம்ம வீட்டு வாசக்கதவுல கூட இவ்வளவு டிசைன் இல்லைங்க"ன்னாங்க. இங்கேர்ந்து மஸ்லின் துணி கப்பல் கப்பலா ஏத்துமதி ஆகியிருக்கு. 1781-ல ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. அடுத்த வருஷமே, 1782 பிப்ரவரியில, இந்தக் கரைக்கு எதிர்ல பிரெஞ்சு கப்பல்படையும் ஆங்கிலேயக் கப்பல்படையும் மோதியிருக்காங்க. கடைசியா 1824 ஒப்பந்தத்துல டச்சுக்காரங்க இந்தியாவுல தங்ககிட்ட இருந்த இடங்களை எல்லாம் ஆங்கிலேயருக்கு விட்டுக் குடுத்துட்டாங்க. நாங்க போனப்போ உள்ளே எங்களையும் ரெண்டு ஆட்டுக்குட்டியையும் தவிர யாரும் இல்லை.

அங்கேர்ந்து ஈ.சி.ஆர்.லயே தெற்கே போனா கடப்பாக்கம். அங்க ஆலம்பறைக் கோட்டை. கழிமுகத்தை ஒட்டி, பாதி இடிஞ்ச செங்கல் மதில்கள், நடுவுல முள்ளுச்செடி, எதிர்ல நீலமா உப்பங்கழி. முகலாயர் ஆட்சிக் காலத்துக் கோட்டை. 1750-ல பிரெஞ்சுக்காரர் டூப்ளேக்கு அன்பளிப்பாக் குடுக்கப்பட்டு, 1760-ல ஆங்கிலேயர் புடிச்சு இடிச்சுத் தள்ளினது. இங்க ஒரு நாணயச் சாலையே இருந்திருக்கு. ஆலம்பறை வராகன்னு காசுக்குப் பேர். மிச்சமிருந்த சுவர்லயும் கொஞ்சத்தை 2004 சுனாமி சாய்ச்சுட்டுப் போயிடுச்சு.

படகுக்கார அண்ணன் ஒருத்தர் எங்களை உப்பங்கழில ஏத்திக்கிட்டுப் போய் எதிர்த் திட்டுல இறக்கி விட்டார். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கழி. அப்பா தண்ணின்னா கொஞ்சம் தயங்குவார், 2015-க்கு அப்புறம். படகுல ஏறமாட்டேன்னுட்டார். படகுக்கார அண்ணன் விடலை. "இடுப்பளவு கூட இல்லைங்க ஐயா. பயந்தா சொல்லுங்க, நானே இறங்கித் தள்ளிக்கிட்டு வரேன்"ன்னார். அப்பா சிரிச்சுட்டு ஏறிட்டார். பேத்தி கையை விடவே இல்லை, அது வேற விஷயம்.

சாயங்காலத்துக்கு உள்ளே திரும்பி மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல். ஜனவரிங்கிறதால சீசன். மூணு மணிக்கு மேல போனா இரை தேடப் போன பறவைங்க கூட்டுக்குத் திரும்பி வர்றதைப் பார்க்கலாம். நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம்... ஏரிக்குள்ள நிக்கிற மரம் பூரா வெள்ளையா, கிளையே தெரியலை. சத்தமும் வாசனையும் அப்படி ஒரு தினுசு :-)

எனக்குப் புடிச்சது இந்த ஏரியோட கதை. ஆங்கிலேயச் சிப்பாய்ங்க இங்க வந்து பறவைகளைச் சுட்டிருக்காங்க. ஊர்க்காரங்க போய்க் கலெக்டர்கிட்ட முறையிட்டு, சுடக்கூடாதுன்னு 1798-ல உத்தரவு வாங்கியிருக்காங்க. அப்போ செங்கல்பட்டுக் கலெக்டரா இருந்தவர் லயனல் பிளேஸ். நல்லா கவனிங்க, அரசாங்கம் சொல்லி ஊர் காப்பாத்தலை. ஊர் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கு. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்ங்கிறது அவங்களுக்குத் தெரியும். 2022-ல ராம்சார் பட்டியல்ல வேடந்தாங்கலும் வந்துடுச்சு. அதே வருஷம் எங்க பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் வந்துது. மிச்சம் இருக்கிற அளவுக்காவது காப்பாத்தினா சரி.

அப்பா கண்காணிப்புக் கோபுரத்துல நின்னு பார்த்துக்கிட்டே சொன்னார். "இருநூறு வருஷமா ஊர் சுடவிடலை. அதுங்களும் வருஷா வருஷம் வருதுங்க. நாளைக்கு நாம பாக்கப் போற ரெண்டு பேருதான் வரமாட்டாங்க."

மூணாவது நாள்: மலை

ரூமைக் காலி பண்ணிட்டு காலைல எட்டு மணிக்கெல்லாம் திருக்கழுக்குன்றம். மகாபலிபுரத்துலேர்ந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர்தான். கீழே பெரிய கோயில்ல பக்தவத்சலேசுவரர், மலை மேல வேதகிரீசுவரர். பாடல் பெற்ற தலம். பக்கத்துல சங்கு தீர்த்தம், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அந்த நன்னீர்க் குளத்துல சங்கு பிறக்கும்ங்கிறது நம்பிக்கை.

படி ஐந்நூறுக்கு மேல. அப்பாவுக்கு முட்டி வலி உண்டு. கீழே இருந்தே கும்பிட்டுக்கலாம்னு நான் சொன்னேன். "மாமா, வேணாம் மாமா"ன்னு தங்கமணியும் சொன்னாங்க. அவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏற ஆரம்பிச்சுட்டார்.

பத்துப் படிக்கு ஒரு தரம் நின்னார். பாதிக்கு மேல உக்காந்துட்டார். முகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்குது. எனக்குப் பயம் வந்துடுச்சு. பயம் வந்தா எனக்குக் கோபமாத்தான் வெளியில வரும்.

"போதும்ப்பா, இறங்கலாம். மேல போய் என்ன இருக்கு? இப்போ கழுகும் வரதில்லை."

"தெரியும்டா."

"அப்புறம் எதுக்கு இப்படி உடம்பைப் போட்டு வருத்திக்கிறீங்க?"

அவர் பதில் சொல்லலை. தண்ணி குடிச்சார். பேத்தியைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு அவகிட்ட சொன்னார். என்கிட்ட இல்லை.

"உங்க கொள்ளுப் பாட்டி என்னை இதே மாதிரி இங்க உக்கார வச்சாங்க. எங்கப்பா போய் ஆறு மாசம் ஆயிருந்துது. நான் யாரோடயும் பேசமாட்டேன், சாப்பிடமாட்டேன். ஊர்ல யாரோ கழுகைப் பாத்தா சரியாயிடும்னு சொன்னாங்கன்னு, செங்கல்பட்டுலேர்ந்து பஸ்ல கூட்டிக்கிட்டு வந்தாங்க. கால் வலிக்குது, போலாம்னு அழுதேன். இன்னும் கொஞ்சம்தாண்டா, இன்னும் கொஞ்சம்தாண்டான்னு சொல்லியே மேல வரைக்கும் கொண்டு போயிட்டாங்க."

இதை நான் கேட்டதே இல்லை. ஐம்பது வயசுக்குப் பக்கத்துல வந்துட்டேன், என் அப்பா ஆறு மாசம் பேசாம இருந்த பையன்னு எனக்குத் தெரியாது.

பொண்ணு எழுந்திரிச்சுக் கையை நீட்டினா. "இன்னும் கொஞ்சம்தான் தாத்தா."

மேல போயிட்டோம். தரிசனம் முடிச்சுட்டு, கழுகுக்குச் சோறு வைக்கிற பாறையைப் பார்த்து உக்காந்தோம். தினமும் மத்தியானத்துக்கு முன்னாடி குருக்கள் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கிட்டு வருவாராம். ரெண்டு கழுகு எங்கேர்ந்தோ வந்து இறங்கி, அவர் கையாலயே வாங்கித் தின்னுட்டுப் போகுமாம். காலைல காசில குளிச்சுட்டு, மத்தியானம் இங்க சாப்பிட்டுட்டு, ராத்திரி ராமேசுவரத்துல தங்குற முனிவர்கள்னு ஜனங்க நம்பினாங்க. 1990-கள் முடியறப்போ வர்றது நின்னு போச்சு.

பதினொன்றரை மணி இருக்கும். வானத்துல ஒரு பறவை வட்டம் போட்டுது. எனக்கு என்ன தோணுச்சோ, "அப்பா, அதோ பாருங்க"ன்னு கையைக் காட்டிட்டேன். ஒரு நிமிஷம் அவர் நம்பிட்டா நல்லா இருக்குமேன்னு இருந்துச்சு.

அவர் கண்ணுக்கு மேல கையை வச்சுப் பார்த்தார். "அது பருந்துடா. கழுகு வெள்ளையா இருக்கும், றெக்கை ஓரம் கருப்பு. மூஞ்சி மஞ்சளா, மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி. எங்கம்மாகூட சொன்னாங்க, நம்ம மாதிரியே இருக்கேன்னு."

கரெக்டா சொல்லிட்டார். மஞ்சள்முகப் பாறுதான் அது. பிணந்தின்னிக் கழுகு இனம். "ஏன் தாத்தா இப்போ வரதில்லை?"ன்னு பொண்ணு கேட்டா. அதுக்கு நான் படிச்சதைச் சொன்னேன். மாட்டுக்கு வலி தெரியாம இருக்கப் போடுற டைக்ளோபினாக்னு ஒரு மருந்து. அந்த மருந்து போட்ட மாடு செத்துப் போச்சுன்னா, அதைத் தின்கிற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுச் செத்துடும். இதைக் கண்டுபுடிக்கவே 2004 ஆயிடுச்சு. 2006-ல மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு இந்தியால தடை போட்டாங்க. அதுக்குள்ள நம்ம நாட்டுல மூணு வகைப் பாறுகள் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல அழிஞ்சே போச்சு. இந்த மஞ்சள்முகப் பாறும் ரொம்பக் குறைஞ்சுடுச்சு. தமிழ்நாட்டுல இப்போ பாறுகளைப் பார்க்கணும்னா முதுமலை, மாயாறு பக்கம்தான் போகணும்.

சாளுவன்குப்பத்துல கோயிலை மறைச்சது கடல். ஆலம்பறையை இடிச்சது பீரங்கி. இங்க நாம மாட்டுக்கு ஊசிதான் போட்டோம். யாரும் கழுகைக் கொல்லணும்னு நினைக்கலை. ஆல்பத்தை அடித்தட்டுல வச்சப்போ நானும் ஒண்ணும் நினைக்கலை.

இறங்குற வழில ஒருகல் மண்டபம். பல்லவர் காலக் குடைவரை. அதுல பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரங்க பேரை வெட்டி வச்சுட்டுப் போயிருக்காங்க. சட்ராஸ்லேர்ந்து பிக்னிக் வந்திருப்பாங்க போல. நம்மாளுங்க மட்டும்தான் செவுத்துல பேர் கிறுக்குவாங்கன்னு நினைச்சேன் :-)

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை

- மகாபலிபுரத்துல ரெண்டு ராத்திரியாவது தங்குங்க. வார நாள்னா ரொம்ப நல்லது. காணும் பொங்கலன்னிக்கு மட்டும் தயவுசெஞ்சு போயிடாதீங்க.
- கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட். தொலைச்சுடாதீங்க.
- ஆலம்பறைல நிழல் கிடையாது. தொப்பி, தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க.
- வேடந்தாங்கலுக்கு நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரை நல்ல காலம். பைனாகுலர் இருந்தா கொண்டு போங்க. சத்தம் போடாதீங்க.
- திருக்கழுக்குன்றம் மலையைக் காலைலயே ஏறிடுங்க. வெயில் ஏறினா கல்லு சுடும், செருப்பும் போட முடியாது.
- வீட்டுல பெரியவங்க இருந்தா கூட்டிக்கிட்டுப் போங்க. ஏற முடியாதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. என்னை மாதிரி.

கடைசியா ஒண்ணு. மலையடிவாரத்துல அப்பா நின்னார். "உன் போன்ல ஒரு போட்டோ எடுடா"ன்னார். ஒரு டீக்கடைக்காரர்கிட்ட நாற்காலி வாங்கிப் போட்டு உக்காந்தார். பேத்தியைப் பக்கத்துல நிக்க வச்சார். அப்புறம் அவ கையை எடுத்துத் தன் தோள்ல வச்சார். "இப்படி இல்ல, விரலை மடக்காதே... ஆங். இன்னொரு கை கீழே நேரா. தலையைச் சாய்க்காதே. சிரிக்காதே, அப்போல்லாம் சிரிக்க மாட்டோம்."

அந்தப் பழைய போட்டோவை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். ஆனா கை எங்க இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு விரல் வரைக்கும் ஞாபகம் இருந்துது. நாற்காலில ஆயா உக்காந்த இடத்துல இப்போ அவர் உக்காந்திருந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஆபீசுக்கு லீவ் சொல்லிட்டு, வேளச்சேரி மெயின் ரோட்டுல இருக்கிற கடைல பிரிண்ட் போட்டேன். ரெண்டு காப்பி. அப்பாகிட்ட ஒண்ணைக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். நல்லா இருக்குன்னோ இல்லைன்னோ சொல்லலை. திருப்பி என்கிட்டயே குடுத்துட்டுச் சொன்னார்.

"மேல் தட்டுல வைடா."